சித்தப்பாவின் உப்புச் சாலை: சென்னையிலிருந்து மனோரா வரை

முதல் நாள் – ஜனவரி 20, திங்கட்கிழமை
சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம்

சித்தப்பாவை ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சைக்காக நவம்பரில் பட்டுக்கோட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், தை பிறந்ததும் கிளம்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ரயிலில் ஏற்றிவிட்டால் ஓர் இரவில் முடிகிற பயணம். ஆனால் பொங்கலன்று பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை.

31 ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். பெரும்பாலும் உப்பு லோடு. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் மூட்டை ஏற்றிக்கொண்டு கடலோரமாகவே போய்வந்தவர். "அந்தப் பாதையில் எந்த டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேள், சொல்கிறேன். கோட்டை, கோபுரமெல்லாம் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான். லோடு வண்டியை எங்கே நிறுத்த முடியும்?" என்றார்.

என் காரிலேயே போகலாம், நான்கு நாள் ஆனாலும் ஆகட்டும், எல்லா இடத்திலும் நிறுத்துவோம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்தை நிறுத்தாமல் கடந்தோம். அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும். சித்தப்பாவுக்குப் புதிதாகக் கிடைத்த பார்வை. வழியில் வருகிற பெயர்ப் பலகை ஒன்றையும் விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். மூன்று ஆண்டுகளாக எழுத்தெல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்ததாம். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவே இல்லை.

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து இறங்கிய துறைமுகம். சுற்றுவட்டாரத்து நெசவாளர்கள் நெய்த மஸ்லின் துணி இங்கிருந்துதான் கப்பலேறியது. இப்போது செங்கல் மதிலும், உள்ளே இடிந்த கிடங்குகளும், வாசலில் துருப்பிடித்த பீரங்கிகளும் மிச்சம். கடல் கூப்பிடு தூரம். 1782 பிப்ரவரியில் இதே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயர் கப்பல்களும் மோதிக்கொண்டன. இன்று காலை அங்கே நான்கு ஃபைபர் படகுகளும், வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் மட்டுமே.

கோட்டைக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டம் பூட்டியிருந்தது. காவலர் டீ குடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் காத்திருந்தோம். வந்தவர் முகம் சுளிக்கவில்லை, "இதைப் பார்க்கவா இவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

தரையோடு தரையாகப் பெரிய பெரிய கருங்கற் பலகைகள். ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்து, எழுத்தில் தேங்கியிருந்த மண்ணை விரலால் தள்ளினேன். ஓரங்களில் பூவேலை, கீழே மண்டையோடும் குறுக்கெலும்பும். எழுத்துகள் இன்று காலை செதுக்கியவை போல ஆழமாக நின்றன. பொடி எழுத்தில்லை, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அகலம். 'ஹியர்' என்று தொடங்குகிறது. டச்சு மொழியில் அதற்கு 'இங்கே' என்று பொருள் என்றேன். சித்தப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செதுக்கினது நம் ஊர் ஆசாரியாகத்தான் இருக்கும். தெரியாத மொழியை ஒரு பிசகில்லாமல் செதுக்கியிருக்கிறான், பார்!" என்றார். நான் கல்லுக்குக் கீழே கிடந்தவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் உளி பிடித்தவனை நினைத்திருக்கிறார். இந்தப் பயணத்துக்கு இவர்தான் சரியான துணை என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

காவலர் காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

கடப்பாக்கத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆலம்பரைக்குத் திரும்பினோம். கடற்கரைச் சாலையிலிருந்து சிறிது தூரம் உள்ளே போக வேண்டும். முகலாயர் காலத்துக் கோட்டை. 1750இல் தக்காணத்து ஆட்சியாளர் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார்; பத்தே ஆண்டில், 1760இல், ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களை வென்று கோட்டையை இடித்தார்கள். நாணயம் அச்சடித்த இடம் இது. ஆலம்பரை வராகன் என்று பெயர் பெற்ற காசு இங்கே பிறந்ததுதான். ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதியான துறை என்று நான் சொன்னதும், "உப்பா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் சித்தப்பா.

மதிலின் ஒரு பக்கம் கழிமுகத்துக்குள் சரிந்து கிடக்கிறது. வீட்டளவு செங்கல் பாளங்கள் தண்ணீரில் குப்புற விழுந்து கிடக்கின்றன, அவற்றின் மேல் சிப்பி ஒட்டி வளர்ந்திருக்கிறது. உடைந்த சுவரில் சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிப் பார்த்தால் அதற்குள்ளும் சிப்பித் துண்டுகள். கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடல் மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. படகுக்காரர் ஒருவர் 300 ரூபாய்க்கு எங்களைக் கழிமுகத்தைக் கடந்து மணல் திட்டுக்கு அழைத்துப் போனார். தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் கோட்டையின் முழு நீளமும் பிடிபடுகிறது. வருபவர்கள் மதில் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ஒருமுறை தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

மரக்காணத்தில் வெயில் ஏறிவிட்டது. மழைக்காலம் முடிந்து உப்பளங்களைச் சரிசெய்கிற நேரம். பாத்தியின் களிமண் தரையை ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் கலந்துவிடுமாம். வரப்பின் மேல் சென்ற ஆண்டு உப்பு, கீற்று மூடிய குவியலாக. சித்தப்பா ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். லாரிக்காரர்கள் உப்பு லோடுக்கு ஏன் தயங்குவார்கள் என்று சொன்னார்: இறக்கிய கையோடு நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவாவிட்டால் அடித்தட்டை உப்பு தின்றுவிடும். "லாரியையே தின்றுவிடும் என்றால், இவர்கள் காலை என்ன செய்யும்?" என்று மிதித்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டினார். வரப்பில் ஓர் அம்மாள் உட்கார்ந்து பாதத்து வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

இரவு புதுச்சேரியில் தோழி வீட்டில் தங்கல். கால்வலி. இரண்டு பேருமே எட்டரைக்குத் தூங்கிவிட்டோம்.

இரண்டாம் நாள் – ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை
கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி

தோழி வற்புறுத்தியதில் புறப்படவே பத்து மணி ஆகிவிட்டது. வானம் மூட்டமாக இருந்தது.

கடலூரில் நான் தேடியது ஒரு பெயர். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்றெல்லாம் இங்கே உண்டு. பள்ளமும் குழியுமான சாலை என்பதால் வந்த பெயராக இருக்கும் என்று சித்தப்பா இத்தனை காலம் நினைத்திருந்தாராம். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு: கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். நன்றாக நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். திசைக்கொரு குண்டாகச் சுட்டு எல்லை பிடித்தார்கள். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள்.

இதைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு வந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது. "விழுந்த இடத்தில் ஆள் இருந்திருப்பானே? அவனை யார் கேட்டார்கள்?" என்றார். 335 ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்கவாவது ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். புனித டேவிட் கோட்டை என்று ஆங்கிலேயர்கள் பெயரிட்ட அந்தக் கோட்டையில் 1756இல் ராபர்ட் கிளைவ் கவர்னராக இருந்தார். இரண்டே ஆண்டில் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துத் தகர்த்தது. கெடிலம் ஆற்றங்கரையில் புதர் மண்டிய சுவர்கள் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. முள்ளுக்குள் நுழைய முடியாமல் திரும்பினோம்.

மதியம் சிதம்பரம். கோயிலுக்குப் போகவில்லை, நடை சாத்தியிருந்த நேரம். சாப்பாட்டுக்காகவே ஊருக்குள் நுழைந்தோம். வடக்கு வீதிப் பக்கம் ஒரு சின்ன மெஸ். சம்பா சாதமும் கொத்சுவும் 70 ரூபாய். மிளகும் சீரகமும் நெய்யும் போட்டுக் கிளறிய சாதம். பக்கத்தில் சுட்ட கத்தரிக்காயை மசித்துப் புளியும் வறுத்த கொத்தமல்லிப் பொடியும் சேர்த்த கொத்சு. பரிமாறிய பெரியவர் எங்கள் இலையைப் பார்த்தபடியே நின்றார். நான் சாதத்தையும் கொத்சுவையும் தனித்தனியாகச் சாப்பிடுவதைக் கண்டு பொறுக்க முடியாமல், "ஒன்றாகப் பிசைந்து சாப்பிடுங்கள் அம்மா, அப்போதுதான் காரம் அடங்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. இரண்டாம் முறை கொத்சு வாங்கியதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

கொள்ளிடத்தைக் கடக்கும்போது தூறல். தரங்கம்பாடியின் நுழைவாயில் வளைவு வந்தபோது நாலரை. 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை வாயில் அது. அதைத் தாண்டினால் தெருவின் தோற்றமே மாறிவிடுகிறது. அகலமான நேர் வீதி, இருபுறமும் தூண் வைத்த வெண்சுவர்க் கட்டடங்கள், நேர் எதிரே கடல். "நான் இந்த வளைவு வரைக்கும் ஆயிரம் தடவை வந்திருப்பேன். வண்டி நுழையாதே என்று பொறையாறு பக்கம் திரும்பிவிடுவேன். இதற்குள்ளே இப்படி ஒரு ஊர் இருக்கிறதா?" என்று சித்தப்பா காரைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

கோட்டை மூடும் நேரம். நாளைக்கு என்றார்கள். கடற்கரையில் அலைக்கு நேர் எதிரே மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். கடல் அரித்து அரித்து முன்பகுதி முழுவதும் போய்விட்டது. கோயிலைப் புதுப்பித்திருக்கிறார்கள், அலையைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். இக்கோயில் கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடி என்றால் குடியிருப்பு என்ற பொருளே எனக்குப் போதும். அலை மோதும் இடத்தில் மனிதர்கள் குடியிருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள்.

அறை வாடகை 1,200 ரூபாய். மின்விசிறி போட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் – ஜனவரி 22, புதன்கிழமை
தரங்கம்பாடி, நாகூர், வேட்டைக்காரனிருப்பு

இன்று நடந்ததை நாளை எழுதலாம் என்றிருந்தேன். மணி பதினொன்றரை. ஆனால் விட்டால் அந்தப் பையனின் முகம் மறந்துவிடுமோ என்று பயம். முதலிலிருந்து சொல்கிறேன்.

காலையில் டேனிஷ் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஓவே கெத்தே என்ற டேனிஷ் கடற்படைத் தளபதி கட்டத் தொடங்கியது. அப்போது ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். விலை எழுதியிருந்ததைச் சித்தப்பா இரண்டு முறை படித்தார். "நேற்று குண்டு போட்டு அளந்தார்கள், இன்றைக்குத் தொகை பேசி முடித்திருக்கிறார்கள்" என்றார்.

கோட்டையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அச்சு. 1706 ஜூலையில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு வயது 24கூட முடியவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே, அடுத்த ஆண்டு, அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

காகிதத்துக்கும் இங்கேயே ஆலை போட்டார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர் என்று நான் சொன்னபோது சித்தப்பா சட்டென்று நின்றுவிட்டார். "பொறையாறு கடுதாசிப்பட்டறையா? அங்கே நிறுத்தித்தானே டீ குடிப்போம்! யாரோ கடுதாசிக் கடை வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தேன்." பொறையாற்றில் காரை நிறுத்தச் சொன்னார். ஆலையின் சுவடு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு டீ, 24 ரூபாய். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரை ஓரிரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். தமிழில் அச்சான ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏதோ ஒரு வகையில் உறவான இடம். அந்தப் பெயர் இன்னும் மக்கள் நாவில் இருக்கிறது, அதற்கே நான் நன்றி சொல்வேன்.

காரைக்காலில் வெயில் தாழக் காத்திருந்து நான்கு மணிக்கு நாகூர் போனோம். தர்காவின் ஐந்து மனோராக்களில், அதாவது கோபுரங்களில், மிக உயரமானது 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. புறாக்கள் ஒரே வீச்சாய் எழும்பி, அந்தக் கோபுரத்தைச் சுற்றிவந்து மறுபடியும் அமர்கின்றன. குளத்துப் படியில் ஒரு குடும்பம் தங்கள் குழந்தைக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் திருநீறு வைத்திருந்த பாட்டி, தலைக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அதில் வியப்பில்லை.

கடைத்தெருவில் வாடா. அரிசி மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் வெங்காயமும் தேங்காயும் கலந்த பூரணம் வைத்து, மேலே ஒற்றை இறாலைப் பதித்து எண்ணெயில் விடுகிறார்கள். இறாலின் வால் சிவந்து மொறுமொறுவென்று நிற்கும். ஒன்று 15 ரூபாய். சித்தப்பா நான்கு சாப்பிட்டார். "இதற்கு மட்டும் அந்த நாளிலும் நிறுத்துவேன்" என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்குத் தம்ரூட் என்ற இனிப்பு அரைக் கிலோ வாங்கிக்கொண்டோம்.

நாகப்பட்டினத்தில் நிற்க நேரமில்லாமல் போனது வருத்தம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர். அதன் கோபுரங்களில் ஒன்று 1867 வரைக்கும் நின்றதாம். ஒரு முழு நாள் ஒதுக்கி மீண்டும் வர வேண்டும்.

வேளாங்கண்ணி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் இப்படி மழை பார்த்து நாளாகிறது. வேட்டைக்காரனிருப்பு அருகே இடது பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. புறப்படும் முன் அதைப் பார்க்காதது என் தவறு. இருட்டு, இருபுறமும் தென்னந்தோப்பு. நடுநடுவே தலையில்லாத மொட்டை மரங்கள், 2018 நவம்பர் கஜா புயல் முறித்துப்போட்டவை. சித்தப்பா பழக்கத்தில் கிளீனரைக் கூப்பிடுவது போல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் ஒரு பையன் பைக்கை நிறுத்தினான். பதினெட்டு வயது இருக்கலாம், தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தான். பெயர்கூடக் கேட்கவில்லை, சக்கரத்தைக் கழற்றினான். அதை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா பைக்கின் பின்னால் உட்கார, இருவரும் மழைக்குள் மறைந்தார்கள். என்னை நடுரோட்டில் விட்டுப்போக மனமில்லாமல், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அங்கிருந்த அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனான். அந்த அம்மாள் எனக்குத் துண்டு கொடுத்தார், சுக்குக் காப்பி கொடுத்தார். கஜா புயலில் அவர்கள் வீட்டு 60 தென்னையில் 52 போய்விட்டதாம். எண்ணிக்கையைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. புதிதாக வைத்த கன்றுகள் போன ஆண்டுதான் பாளை விட்டன என்று சொல்லும்போதுதான் சிரித்தார்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மூடிய கடையைத் திறக்க வைத்திருக்கிறான் பையன். பஞ்சருக்கு 150 ரூபாய். அவனுக்கு 500 ரூபாய் நீட்டினேன். பின்னால் நகர்ந்துவிட்டான். "தாத்தா லாரி டிரைவராம். வழியில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். மழையில் அவன் விளக்கு தெரியும் வரை சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதாரண்யம் வந்து சேர ஒன்பதரை.

நான்காம் நாள் – ஜனவரி 23, வியாழக்கிழமை
வேதாரண்யம், கோடியக்கரை, மனோரா

வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். காலை பூசைக்குப் போனோம். அப்பர் பத்துப் பாட்டுப் பாடிய பிறகுதான் இந்தக் கோயிலின் கதவு திறந்ததாம்; சம்பந்தர் பாடிய ஒரே பாட்டில் மூடிக்கொண்டதாம். அப்பருக்காக எனக்கு எப்போதும் மனம் வலிக்கும் கதை அது. அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள். இப்படி ஒரு பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட வேண்டியவர்.

பிறகு அகஸ்தியம்பள்ளி. இந்த நான்கு நாளில் நான் மிகவும் எதிர்பார்த்தது இதைத்தான். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி, உப்புச் சட்டத்தை மீறுவதற்காக, ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார். 15 நாள் நடை. வழியில் இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் யாரைப் பிடிப்பது? ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பை அள்ளி ராஜாஜி கைதானார். சர்தார் வேதரத்தினம் பிள்ளை அந்தப் போராட்டத்துக்கு எல்லாமுமாக நின்றார். முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தான் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடித்துவிட்டார். அவருக்கும் இந்த ஊரில் நினைவுத்தூண் உண்டு. பெரிய தலைவர்களுக்குச் சிலை எல்லா ஊரிலும் இருக்கிறது. பாதிச் சவரத்தில் எழுந்து நின்றவருக்குத் தூண் வைத்த ஊர் வேதாரண்யம்தான்.

உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "இதோ இந்த வளைவில்தான் வண்டியைப் பின்னால் எடுப்பேன். தூண் இடித்துவிடாமல் பார்த்துக்கொள் என்று கிளீனரிடம் கத்துவேன். அதைத் தவிர இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார். பிறகு தூணில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அளத்திலிருந்து உப்பு வாடை வந்துகொண்டிருந்தது.

கோடியக்கரையில் அதிக நேரம் இல்லை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தில் மிஞ்சியிருந்ததை 2004 சுனாமி சாய்த்துவிட்டது. அடிப்பகுதிச் செங்கல்தான் கிடக்கிறது. சதுப்பின் நடுவே வெளிமான்கள் இரண்டு நின்று பார்த்தன. தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். அவ்வளவுதான், அதுவே நிறைவாக இருந்தது.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மனோரா வர மூன்று மணி. சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில், தென்னைகளுக்கு மேலே அறுகோண வடிவில் எட்டு நிலைக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வீழ்த்தியதைக் கொண்டாட 1814இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. கவனிக்க வேண்டிய ஆண்டு அது. நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி வந்து வாட்டர்லூவில் முற்றாகத் தோற்றது 1815இல். எங்கோ நடந்த போருக்கு, அது முடியும் முன்பே, இந்தப் பாக் நீரிணைக் கரையில் வெற்றித்தூண்! ஆங்கிலேயரின் நண்பன் என்று தன்னைக் கல்லில் பொறித்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த அரசர். நாட்டின் நிர்வாகம் கையைவிட்டுப் போய், தஞ்சைக் கோட்டையோடு அவர் அதிகாரம் நின்றிருந்தது. சரசுவதி மகால் நூலகத்தைச் செழிக்கவைத்த அதே மனிதர். அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் எனக்குப் பெருமையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் போலிருந்தது.

மேலே ஏற அனுமதி இல்லை என்றார் காவலர். கல்வெட்டு ஐந்து மொழிகளில். தமிழ்க் கல்வெட்டைச் சித்தப்பா விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். புள்ளி இல்லாத பழைய எழுத்து. எது மெய், எது உயிர்மெய் என்று ஊகிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி மன்னரின் பெயரைக் கண்டுபிடித்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டிய நேரம் கடந்துவிட்டதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். மதிலோரம் உட்கார வைத்து மருந்தை விட்டேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக்கொடுத்தார். இந்தக் கடலில் ஆவுளியா உண்டு, கடற்பசு. கடலடிப் புல்லை மேய்ந்து வாழும் உயிர். 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். "வலையில் மாட்டினால் அறுத்து விட்டுவிடுகிறோம். மூச்சு விட மேலே வரும்போது மனுசன் மாதிரியே இருக்கும்" என்றார் பெரியவர்.

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். பட்டுக்கோட்டையில் இருக்கிற பழைய கிளீனருக்குப் போட்டார். 22 ஆண்டுகள் ஒன்றாக ஓடியவர்கள்.

"டேய், நான் மனோராவில் இருக்கிறேன்... இல்லையடா, வெளியே இல்லை. உள்ளே. உள்ளே வந்திருக்கிறேன்... நீ வந்ததுண்டா? அதுதானே! கிளம்பி வா. பஸ் பிடித்து வா. என்னது? கண்ணா? நன்றாகத் தெரிகிறது. எல்லாம் படிக்கிறேன். நீ வா, உனக்குப் படித்துக் காட்டுகிறேன்."

ஒரு மணி நேரம் ஆகும் என்றாராம். சித்தப்பா காத்திருக்கலாம் என்றார். பெரியவரிடம் சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் டீ வாங்கிவரச் சாலைக்கு நடந்தேன்.